சென்னை–புனே விமானச் சேவை: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், நள்ளிரவில் ஒரு போனஸ் கணக்கு

சென்ற மாதம் என் மனைவியும் நானும், புனேயில் வேலை பார்க்கும் எங்கள் மகளைப் பார்ப்பதற்காகச் சென்னையிலிருந்து விமானத்தில் போய்த் திரும்பினோம். அந்தச் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. விமான நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால், கீழே வரப்போகும் இளைஞர் யார் என்பதை அங்குள்ள பொறுப்பாளர் அன்றைய பணிப்பட்டியலைப் புரட்டி ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அவர் வேலைக்கு நான் உலை வைக்க விரும்பவில்லை. மேலும், அங்கே கண்ட ஏற்பாடு அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று என்று பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் விமானப் பயணத்தைப் பற்றி எழுத வந்தவன் போனஸைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறான் என்று தோன்றும். நான் திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்காரன். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றேன். ஆண்டுதோறும் போனஸ் சட்டத்தின் ஏ, பி, சி படிவங்களை நிரப்பிய கை இது. என் தந்தையார் பி அண்ட் சி ஆலையில் நெசவுக் கூடத்தில் இருந்தவர். அந்த ஆலைத் தொழிலாளர்களை மையமாகக் கொண்டுதான் 1918 ஏப்ரல் 27 அன்று பி. பி. வாடியாவைத் தலைவராக வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது, திரு. வி. க. அதன் துணைத் தலைவர்களில் ஒருவர். ஆலை 1996-இல் மூடிவிட்டது. பழக்கம் மட்டும் மூடவில்லை. புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் “உங்க கம்பெனியில எத்தனை பர்சென்ட்?” என்று கேட்பது, “வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?” என்று கேட்பதற்குச் சமம்.

போகும்போது குறை சொல்ல அதிகம் இல்லை. காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் ரயில் மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம் என்பது 2021 பிப்ரவரிக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த வரம். அதற்கு முன் மீனம்பாக்கம் போவது எங்களுக்கு வெளியூர்ப் பயணத்தில் பாதி. என் மனைவிக்கு முழங்கால் தேய்மானம் உண்டு. பயணச்சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டிருந்தேன். அதற்குக் கட்டணம் இல்லை. பெட்டி போடும் இடத்தில் இருந்த பெண், 15 கிலோவுக்கு மேல் 800 கிராம் இருந்ததைப் பார்த்தும் பாராதவர்போல் விட்டுவிட்டார். ஆனால் பெட்டியை மேலே தூக்கியதும் முகத்தைச் சுளித்து, உடனே சிரித்துவிட்டார். காசிமேட்டு நெத்திலிக் கருவாடு, நான்கு உறைக்குள் சுற்றியும் தன் இருப்பைத் தெரிவித்துவிட்டது. எண்ணெய்க் காகிதமும் ஒட்டுநாடாவும் அவரே எடுத்து வந்து இன்னொரு சுற்றுச் சுற்றி அனுப்பினார். இருக்கை வழக்கமான இருக்கை. உப்புமா வெந்நீர் ஊற்றிய உப்புமா. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே இறங்கினோம்.

திரும்பும் பயணம்தான் வேறு கதை. இரவு 8.10-க்குப் புறப்பட வேண்டிய விமானம், வர வேண்டிய விமானம் வரவில்லை என்று சொல்லி, 9.00, 9.45, 10.30 என்று தவணை முறையில் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் 11.20-க்குக் கிளம்பியது. ஒரே தடவையில் மூன்று மணி நேரம் என்று சொல்லியிருந்தால் மகள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்திருப்போம். இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணிகளுக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி. எங்களுக்குக் கிடைத்தது ஒரு பிஸ்கட் பொட்டலமும் ஒரு பழச்சாறு டப்பாவும். விதியின் எழுத்து காப்பாற்றப்பட்டது. சர்க்கரை நோயாளிகளைப் பற்றி அந்த விதியை எழுதியவர்கள் யோசிக்கவில்லைபோலும்.

வாயிலில் நின்ற இரண்டு ஊழியர்களைச் சுற்றி அறுபது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்தபடி, “லாபம் மட்டும் கோடி கோடியா வருதுல்ல?” என்று இந்தியில் கேட்டார். ஊழியர்களில் அவருக்கு எதிரே நின்ற பெண் பதில் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற தோழியைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார். அதை நான் முன்பு எங்கள் தொழிற்சாலை வாயிலில் பார்த்திருக்கிறேன். ஆண்டறிக்கையில் சாதனை லாபம் என்று அச்சாகி வந்த வாரத்தில், தினக்கூலிக்காரர்கள் எங்களைப் போன்ற நிரந்தரப் பணியாளர்களைப் பார்த்த பார்வை அது.

சென்னையில் இறங்கியபோது மணி ஒன்று. விமானத்தின் வாயிலிலேயே சக்கர நாற்காலியுடன் ஓர் இளைஞர் நின்றார். என் மனைவியை “மெதுவா வாங்கம்மா, அவசரம் இல்ல” என்று கைபிடித்து அமர வைத்தார். அவருடைய பேச்சைக் கேட்டதும் எந்த ஊர் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை; எந்தத் தெரு என்றுதான் கேட்டேன். தண்டையார்பேட்டை என்றார். அவருடைய வேலை நேரம் இரவு பத்து மணிக்கே முடிந்துவிட்டதாம். அடுத்து வர வேண்டியவர் வரவில்லை. நாற்காலி கேட்டிருந்த நான்கு பேர் எங்கள் விமானத்தில் இருந்ததால் நிறுத்திவைத்துவிட்டார்கள். மெட்ரோ ஓய்ந்துவிட்டது, ஊழியர் வண்டியில் அவருக்கு இடம் கிடையாது, காலை முதல் ரயில்வரை ஓய்வறையில் படுத்துக்கொள்வதாகச் சொன்னார். நாங்கள் எப்படியும் அதே வழியாகத்தான் வாடகைக் கார் பிடிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு வரச் சொல்லிக் காத்திருந்து, அவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கத்திப்பாராவிலிருந்து ராயபுரம் வருவதற்குள் கேட்டவைதான் இந்த மதிப்புரையின் பெரும்பகுதி.

“சார், பிளேன்ல அவங்க பேரு, சட்டை அவங்க கலரு, ஐ.டி. கார்டுல மட்டும் வேற கம்பெனி” என்றார். சக்கர நாற்காலி தள்ளுபவர்கள், பெட்டி ஏற்றி இறக்குபவர்கள், விமானத்தின் உள்ளே துப்புரவு செய்பவர்கள் ஆகிய பலரும் தரைப்பணி ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். அவர் 2019-இல் சேர்ந்தவர். இடையில் ஒப்பந்தம் இரண்டு முறை கை மாறிவிட்டது. அதே இடம், அதே வேலை, மூன்றாவது அடையாள அட்டை. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்ந்ததாகக் கணக்கு. பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெறப் பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணி வேண்டும்; ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எண்ணினால் அந்த ஐந்து எப்போது வரும்?

விமான நிறுவனம் பெரும் லாபம் ஈட்டியதாகச் செய்தி வந்தபோது உங்களுக்கு என்ன தந்தார்கள் என்று கேட்டேன். மேற்பார்வையாளர் அரைக் கிலோ இனிப்புப் பெட்டி ஒன்று கொடுத்தாராம். போனஸ்? “தீபாவளிக்கு 6,997 ரூபாய் போட்டாங்க சார்.”

அந்த எண் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். 31 ஆண்டு எழுதிய எண்ணை இருட்டிலும் அடையாளம் தெரியாதா? மாதம் ஏழாயிரம், பன்னிரண்டு மாதத்துக்கு 84,000, அதில் 8.33 விழுக்காடு எடுத்தால் 6,997 ரூபாய் வரும். 1965-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த குறைந்தபட்சம் அது; அதற்குக் கீழே போனால் குற்றம் என்பதால் கொடுக்கப்பட்ட தொகை. நிறுவனம் நட்டத்தில் இருந்தாலும் தர வேண்டியது என்பதால், அதற்கும் லாபத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. 2025 நவம்பர்வரை நடைமுறையில் இருந்த அந்தச் சட்டத்துக்கு 2015-இல் வந்த திருத்தத்தின்படி, ஏழாயிரம் அல்லது அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், இவற்றில் எது கூடுதலோ அதை வைத்துத்தான் கணக்கிட்டிருக்க வேண்டும். சென்னையில் அவர் செய்யும் வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் ஏழாயிரத்தைவிட அதிகம். ஆகவே அவருக்கு வர வேண்டிய தொகையே குறைத்துத் தரப்பட்டிருக்கிறது. கைப்பேசியில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் அதைப் படம் பிடித்துக்கொண்டார். கேட்பேன் என்றும் சொல்லவில்லை, கேட்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சட்டத்தின் உச்சவரம்பு 20 விழுக்காடு. எங்கள் பகுதி ஆலைகளில் “இருபது” என்ற சொல் கேட்டால் பட்டாசுக் கடைக்காரர்கூட மகிழ்வார். ஆனால் அந்த இருபது, அவரவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் லாபத்தைப் பொறுத்தது. இந்த இளைஞரை வைத்திருப்பது ஒப்பந்த நிறுவனம். ஒப்பந்தத்தை மிகக் குறைந்த விலைக்குக் கேட்டு எடுத்த அந்த நிறுவனத்திடம் பகிர்ந்துகொள்ள என்ன உபரி இருக்கும்? லாபம் சேருவது ஓரிடத்தில், ஆள் இருப்பது இன்னோரிடத்தில். மறுபுறம், பெட்டி போடும் இடத்தில் இருந்த அந்தப் பெண் விமான நிறுவனத்தின் நேரடி ஊழியர். மாதச் சம்பளம் சட்டம் வைத்த வரம்பைத் தாண்டிவிட்டால் (1965-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது கடைசியாக 21,000 ரூபாயாக இருந்தது) அவர் போனஸ் எல்லைக்கு வெளியே போய்விடுவார். பிறகு நிர்வாகம் மனமுவந்து தருவதுதான்.

மனமுவந்து தருபவர்களும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2023-24-இல் 8,172 கோடி ரூபாய் லாபம் காட்டிய இண்டிகோ, தன் ஊழியர்களுக்கு ஒன்றரை மாத அடிப்படைச் சம்பளத்தைக் கருணைத் தொகையாக அறிவித்தது. அதே ஆண்டுக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தந்தது ஏறக்குறைய எட்டு மாதச் சம்பளம். எமிரேட்ஸ் தந்தது இருபது வாரச் சம்பளம். ஆனால் கணக்குப் பிரிவுக்காரனாகிய எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது அமெரிக்காவின் டெல்டா வைத்திருக்கும் முறை. வரிக்கு முந்தைய லாபத்தில் முதல் 250 கோடி டாலருக்குப் பத்து விழுக்காடு, அதற்கு மேல் போனால் இருபது விழுக்காடு ஊழியர்களின் பங்கு. பிப்ரவரி 14 அன்று பட்டுவாடா. தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். கணக்கு முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் முக்கியம். யாருடைய முகத்தையும் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. எங்கள் தொழிற்சாலையில் தகராறு வந்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால், விழுக்காடு குறைந்த ஆண்டுகளைவிடக் கணக்கைக் காட்ட மறுத்த ஆண்டுகளே அதிகம்.

இதை நான் காரில் விளக்கிக்கொண்டிருந்தபோது, இதுவரை கண்ணை மூடியிருந்த என் மனைவி, “லாபத்துல பங்கு கேட்டா, நஷ்டம் வரும்போது அதுலயும் பங்கு ஏத்துக்கன்னு சொல்வானே?” என்றார். நியாயமான கேள்வி. விமானத் தொழில் அப்படிப்பட்டதுதான். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசி விமானத்தைப் பறக்கவிட்டபோது அதன் ஊழியர்களுக்குச் சம்பளமே பாக்கி. டெல்டா 2020 பிப்ரவரியில் 160 கோடி டாலரைப் பங்கிட்டுக் கொடுத்தது. அடுத்த மாதமே கொரோனா வந்து, பல்லாயிரம் ஊழியர்கள் சம்பளமில்லா விடுப்பில் போனார்கள். நான் இதைச் சொல்லி முடிக்குமுன் முன்னிருக்கையிலிருந்து அந்த இளைஞர் திரும்பினார். 2020-இல் மூன்று மாதம் அவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த மூன்று மாதமும் அவர் அண்ணனுடன் காசிமேட்டில் ஐஸ் உடைத்தாராம். “நஷ்டத்துல என் பங்க குடுத்துட்டேன்மா. லாபம்தான் பாக்கி” என்றார். என் மனைவி பதில் பேசவில்லை. ஓட்டுநர் மட்டும் சிரித்தார்.

லாபப் பங்கினால் சேவை உண்மையிலேயே மேம்படுமா என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. அமெரிக்காவின் கான்டினென்டல் ஏர்லைன்ஸ், நேரந்தவறாமையில் கடைசி வரிசையில் கிடந்த நிறுவனம். 1995-இல், எந்த மாதம் தங்கள் விமானங்கள் நேரந்தவறாமைப் பட்டியலில் முதல் ஐந்து இடத்துக்குள் வருகின்றனவோ அந்த மாதம் ஒவ்வோர் ஊழியருக்கும் 65 டாலர் தருவதாக அறிவித்தார்கள். தொகை சிறியது, ஆனால் யாரோ ஒருவர் சுணங்கினால் எல்லோருக்கும் போய்விடும் என்பதால் ஒருவரை ஒருவர் விரட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். சில மாதங்களிலேயே நிறுவனம் பட்டியலின் மேற்பகுதிக்கு வந்துவிட்டது. இதை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட பொருளியலாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள்: நிறுவனத்தின் சொந்த ஆட்கள் வேலை செய்த விமான நிலையங்களில் ஏற்பட்ட அளவு முன்னேற்றம், வேலையை வெளியாருக்கு ஒப்பந்தம் விட்டிருந்த நிலையங்களில் ஏற்படவில்லை. 65 டாலர் எட்டாத இடத்துக்கு வேகமும் எட்டவில்லை. அப்படிப் பார்த்தால், வேலை நேரம் முடிந்து மூன்று மணி நேரம் கழித்தும் எங்களுக்காக நின்ற அந்த இளைஞர் அந்த ஆய்வில் அடங்காதவர். அவருடைய நல்ல குணத்தை விமான நிறுவனம் இலவசமாக எடுத்துக்கொள்கிறது என்றுதான் நான் கணக்கு எழுதுவேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, எதிர் வீட்டுப் பெண்ணிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவள் வேறொரு நிறுவனத்தில் விமானப் பணிப்பெண். என்னைப் பெரியப்பா என்று அழைப்பவள். அவள் பார்வை வேறாக இருந்தது. “பங்கு குடுத்தா வேணாம்னு சொல்ல மாட்டேன் பெரியப்பா. ஆனா முந்தின நாள் ராத்திரி ரோஸ்டரை மாத்தாம இருந்தா அதுவே பாதி போனஸ்” என்றாள். அவர்களுக்கு நிலையான சம்பளம் ஒரு பகுதி, பறக்கும் நேரத்துக்கான படி ஒரு பகுதி. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கிய பிறகுதான் அந்த நேரம் ஓடத் தொடங்கும். ஆகவே பயணிகள் ஏறும்போது பெட்டிகளை மேலே அடுக்கி, குழந்தைகளைச் சமாதானப்படுத்தி, தாமதத்துக்கு வசவு வாங்கும் நேரம் அந்தக் கணக்கில் வராது. டெல்டா 2022-இல் பயணிகள் ஏறும் நேரத்துக்கும் பாதிச் சம்பளம் தரத் தொடங்கியது அமெரிக்காவிலேயே பெரிய செய்தியாகப் பேசப்பட்டது என்றால், மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புனேயில் நாங்கள் ஏறும்போது வாசலில் நின்ற பணிப்பெண்ணின் வணக்கத்தில் உயிரில்லை என்று நான் மனத்துக்குள் குறை சொன்னதை இப்போது திருத்திக்கொள்கிறேன். அந்த மூன்று மணி நேரமும் அவர்களும் காத்துத்தான் கிடந்திருக்கிறார்கள், எங்களைவிடக் குறைந்த பலனுக்கு.

ஊழியர்களின் மனச்சோர்வு பயணிகளுக்குத் தெரியவருவது பெரும்பாலும் விமானம் நின்ற பிறகுதான். 2022 ஜூலை 2 அன்று பணியாளர்கள் பலர் விடுப்பெடுத்ததால் இண்டிகோவின் உள்நாட்டு விமானங்களில் பாதிக்கு மேல் தாமதமானதும், 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் கூட்டமாக உடல்நலமில்லை என்று சொல்லி விடுப்பெடுத்து விமானங்கள் ரத்தானதும் அப்படி வெளியே தெரிந்தவை. இரண்டாவதில் இருபத்தைந்து பேரை வேலையை விட்டு நீக்கி, தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேச்சு நடந்த பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு வாயிற்கூட்டம், கோரிக்கை அட்டை, கதவடைப்பு என்று பழைய இலக்கணம் உண்டு. உடல்நலமில்லை என்று ஒரே நாளில் முந்நூறு பேர் சொல்வது, சங்கம் வலுவில்லாத தொழிலின் புதிய இலக்கணம்போலும்.

இனி மதிப்பெண். கட்டணத்துக்கு நான்கு, அந்த வாரத்தில் கிடைத்ததில் அதுவே மலிவு. நேரத்துக்கும் தகவல் தெரிவித்த முறைக்கும் இரண்டு. உணவுக்கு ஒன்று போதும். ஊழியர்களுக்கு, கருவாட்டைச் சுற்றிக் கொடுத்த பெண்ணிலிருந்து நாற்காலி தள்ளிய இளைஞர்வரை, தயங்காமல் ஐந்து. சராசரி மூன்று. முழங்கால் வலிக்காரர்களை அழைத்துச் செல்பவர்கள் இந்தச் சேவையை நம்பிப் போகலாம். மாலை விமானத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், நாளெல்லாம் சேர்ந்த தாமதம் அதன் தலையில்தான் விடிகிறது.

மறுநாள் விமான நிறுவனத்திடமிருந்து கருத்துக் கேட்டுக் குறுஞ்செய்தி வந்தது. பாராட்ட விரும்பும் ஊழியரின் அடையாள எண்ணை இடுக என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த இளைஞரிடம் கேட்டு வாங்கிய எண்ணை இட்டேன். செல்லாத எண் என்று வந்தது. எழுத்துப் பிழையோ என்று மூன்று முறை இட்டுப் பார்த்தேன். பிறகுதான் எண்களின் எண்ணிக்கையே வேறு என்பது புரிந்தது: அந்தக் கட்டம் நிறுவனத்தின் சொந்த ஊழியர்களின் எண்ணை மட்டுமே ஏற்கும். “பிற கருத்துகள்” என்ற இடத்தில் நடந்ததை விவரமாக எழுதி அனுப்பினேன். எங்கள் ஊழியர்களைப் பாராட்டியதற்கு நன்றி என்று அரை நிமிடத்தில் பதில் வந்தது.